ஓனர் கேட்பது முதலில் கண்ணில் பட: எக்செல் தாளை ஒழுங்குபடுத்துவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்திக் கணக்கு எழுதிவரும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆர்டர், ஸ்டைல், கலர், சைஸ் வாரியாகக் கட்டிங் தொடங்கி பேக்கிங் வரை அத்தனை பீஸ் கணக்கும் அவரிடம் ஒரே எக்செல் தாளில் இருக்கிறது. இருபத்தாறு நெடுவரிசைகள், ஏழு வண்ணங்கள், எல்லாக் கட்டங்களைச் சுற்றியும் கருப்புக் கோடு. மூன்று நாள் உட்கார்ந்து அலங்கரித்த அந்தத் தாளைப் பார்த்த ஓனர், "எல்லாம் இருக்குதும்மா, ஆனா எது எங்க இருக்குதுன்னுதான் தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டாராம். எந்த வண்ணமும் எந்த எழுத்துருவும் போட்டால் தாள் தெளிவாகவும் அழகாகவும் இருக்கும் என்று கேட்கிறார்.

திருப்பூரிலும் ஈரோட்டிலும் கணக்குப் பிரிவுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வண்ணமும் எழுத்துருவும் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலைகள். அந்தத் தாளைத் திறப்பவர் யார், திறந்தவுடன் அவர் மனதில் இருக்கும் முதல் கேள்வி எது என்று தீர்மானித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் ஓனருக்கு வேண்டியது இந்த ஆர்டரில் இன்னும் எத்தனை பீஸ் பாக்கி, ஷிப்மென்ட் தேதிக்குள் முடியுமா என்பது. லைன் சூப்பர்வைசருக்கு வேண்டியது எந்த சைஸ் குறைகிறது என்பது. ஜாப் ஒர்க் (வெளி யூனிட்டில் கொடுத்துச் செய்யும் வேலை) பில் போடுபவருக்கு வேண்டியது எந்த டிசியில் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எத்தனை பீஸ் போனது, எத்தனை திரும்பி வந்தது என்பது. இந்த மூவரையும் ஒரே தாளில் திருப்திப்படுத்த முயன்றதால்தான் இருபத்தாறு நெடுவரிசைகள் வந்தன. அதன் மேல் எந்த வண்ணம் பூசினாலும் ஓனரின் குறை தீராது.

ஆகவே தாளை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று பதிவுத் தாள். அதில் தேதி, ஆர்டர் எண், ஸ்டைல், கலர், சைஸ், எந்தப் பிரிவு, எத்தனை பீஸ் என்று ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி வீதம் கீழே கீழே எழுதிக்கொண்டே போக வேண்டும். அது நீளமாக இருக்கலாம். அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மற்றொன்று பார்வைத் தாள். பதிவுத் தாளிலிருந்து பிவட் டேபிள் (பட்டியலைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் எக்செல் வசதி) மூலமாகவோ, நிபந்தனையோடு கூட்டும் ஃபார்முலா மூலமாகவோ எண்களை எடுத்து, ஓர் ஆர்டருக்கு ஒரு வரி என்று காட்டுவது. ஓனர் திறப்பது இந்தப் பார்வைத் தாளை மட்டும்தான். ஆர்டர் எண், ஸ்டைல், ஆர்டர் அளவு, பேக்கிங் முடிந்தது, பாக்கி, ஷிப்மென்ட் தேதி ஆகிய ஆறு நெடுவரிசைகள் அவருக்குப் போதும். இனி நான் அழகுபடுத்துவது பற்றிச் சொல்பவை பெரும்பாலும் இந்தப் பார்வைத் தாளுக்கானவை.

அதற்கு முன், பதிவுத் தாளில் அழகுக்காகச் செய்யக்கூடாத இரண்டைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, இடையில் காலி நெடுவரிசை விடுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தையல் யூனிட்டின் வாரச் சம்பளத் தாளை நான்தான் தயாரித்தேன். பெயரும் வேலையும் இடப்பக்கம், ஷிப்டும் தொகையும் வலப்பக்கம், நடுவில் மூச்சு விட இடம் வேண்டுமென்று ஒரு வெற்று நெடுவரிசை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, கவர் போடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பெயர்களை அகர வரிசைப்படுத்தினேன். எக்செல் ஒரு பட்டியலின் எல்லையைக் காலி வரிசையையும் காலி நெடுவரிசையையும் வைத்துத்தான் கண்டுகொள்கிறது. ஆகவே இடப்பக்கத்துப் பெயர்கள் மட்டும் இடம் மாறின. வலப்பக்கத்துத் தொகைகள் இருந்த இடத்திலேயே நின்றன. நாளுக்கு ஒன்றரை ஷிப்ட் பார்த்த ஓவர்லாக் டெய்லரின் கூலி, மூன்றே நாள் வந்த கைமடியின் (டெய்லரின் உதவியாளர்) கவருக்குள் போயிருந்தது. அந்த டெய்லர் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் மேசை மேல் வைத்தார். எல்லாக் கவரையும் திரும்ப வாங்கி, இரவு ஒன்பதரை மணி வரை சரிபார்த்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து இடைவெளி வேண்டுமென்றால் நெடுவரிசையின் அகலத்தைக் கூட்டுகிறேன். காலி நெடுவரிசை விடுவதே இல்லை.

இரண்டாவது, மெர்ஜ் செய்வது. ஓர் ஆர்டருக்குப் பன்னிரண்டு வரிகள் இருந்தால், ஆர்டர் எண்ணை ஒரே பெரிய கட்டமாக இணைத்து நடுவில் போடுவது நம் பகுதி அலுவலகங்களில் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம். இணைத்த கட்டத்தில் எண் முதல் வரிக்கு மட்டுமே சொந்தம். மற்ற பதினொரு வரிகளும் எக்செலைப் பொறுத்தவரை காலி. ஃபில்டர் போட்டால் முதல் வரி மட்டும் வரும். வரிசைப்படுத்தச் சொன்னால், இணைத்த கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லி மறுத்துவிடும். எல்லா வரியிலும் ஆர்டர் எண்ணை எழுதிவிடுங்கள். ஏற்கெனவே மெர்ஜ் செய்த தாளாக இருந்தால், முதலில் அன்மெர்ஜ் செய்து, அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, எஃப்5 அழுத்தி, ஸ்பெஷல் என்பதில் பிளாங்க்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். அப்படியே சமக் குறியைத் தட்டி, மேல் அம்புக் குறியை ஒரு முறை அழுத்தி, கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் எல்லாம் ஒரே நொடியில் நிரம்பிவிடும். பிறகு அந்த நெடுவரிசையை நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று ஒட்டினால் ஃபார்முலா போய் எண் மட்டும் நிலைக்கும். ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது கண்ணை உறுத்தினால், மேல் வரியில் உள்ள அதே மதிப்பு வந்தால் எழுத்தை வெளிர் சாம்பலாக்கு என்று கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் (நிபந்தனைப்படி நிறம் மாற்றும் வசதி) ஒரு விதி போதும். தாளின் தலைப்பை நடுவில் காட்டுவதற்கும் மெர்ஜ் தேவையில்லை. ஃபார்மட் செல்ஸ், அலைன்மென்ட், ஹாரிசான்டல் என்ற இடத்தில் சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன் என்று ஒன்று உண்டு. பார்வைக்கு அதே விளைவு, கட்டங்கள் இணைவதில்லை.

இப்போது எண்களுக்கு வருவோம். ஒரு கணக்குத் தாளின் அழகு என்பது என் அனுபவத்தில் முக்கால்வாசி எண்களின் அழகுதான். எழுத்து இடப்பக்கம், எண் வலப்பக்கம். தலைப்பும் கீழே உள்ளதைப் போலவே அந்தந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எண்களை நடுவில் போடுவது பலருக்கும் பிடிக்கிறது. ஆனால் அப்போது ஒன்றுக்கு நேர் ஒன்று, பத்துக்கு நேர் பத்து வராது. 980 பீஸும் 12,400 பீஸும் நடுவில் நின்றால் அளவில் நெருங்கியவை போலத் தெரியும். வலப்பக்கம் சாய்ந்து நின்றால் எது பெரியது என்பது படிக்காமலே தெரியும். இதில் இன்னொரு பயனும் உண்டு. நீங்கள் எதையும் மாற்றாமலே ஓர் எண் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால், எக்செல் அதை எண்ணாக அல்ல, எழுத்தாக வைத்திருக்கிறது என்று பொருள். கூட்டுத்தொகையில் அது சேராது. "250 கிலோ" என்று கட்டத்துக்குள்ளேயே தட்டினாலும் இதே கதிதான். அலகைத் தலைப்பில் எழுதுங்கள். கட்டத்திலும் கிலோ என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், கண்ட்ரோலும் 1-உம் அழுத்தி, நம்பர் பகுதியில் கஸ்டம் என்ற இடத்தில் இப்படி எழுதுங்கள்:

0.000" கிலோ"

கட்டத்தில் எண் மட்டுமே இருக்கும்; கிலோ என்பது பார்வைக்கு மட்டும் வரும். துணி எடைக்கு மூன்று தசம இடம், பீஸுக்குத் தசமமே வேண்டாம், ரேட்டுக்கு இரண்டு என்று ஒரு நெடுவரிசை முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தசமத்தைக் குறைத்துக் காட்டினாலும் உள்ளே இருக்கும் மதிப்பு குறைவதில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் எண்களைக் கையால் கூட்டினால் ஒரு தொகை, எக்செல் காட்டுவது வேறு தொகை என்று டையிங் பில்களில் வரும் சண்டை பெரும்பாலும் இதனால்தான். பில் தொகையாக இருந்தால் ரவுண்ட் ஃபார்முலா போட்டு மதிப்பையே முழுமையாக்குவதுதான் சரி.

லட்சம், கோடி என்று கால்புள்ளி விழவில்லை என்பது நம் பக்கம் எல்லோரும் சொல்லும் குறை. 12,34,567 என்று வர வேண்டியது 1,234,567 என்று வந்தால் ஓனர் நின்று எண்ணித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் ரீஜன் என்ற பகுதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால், அல்லது அங்கேயே அடிஷனல் செட்டிங்ஸில் டிஜிட் குரூப்பிங்கை மாற்றினால், எக்செலின் சாதாரணக் கால்புள்ளியே நம் முறையில் விழும். இது அந்தக் கணினியின் அமைப்பு, கோப்போடு போகாது. வெளிநாட்டு பையர் அதே கோப்பைத் திறந்தால் அவர் ஊர் முறையில் பார்ப்பார், அதுவும் நல்லதுதான். எந்தக் கணினியில் திறந்தாலும் லட்சக் கணக்கிலேயே தெரிய வேண்டுமென்றால் கஸ்டம் பகுதியில் இதை எழுதுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

முதல் துண்டு கோடிக்கும் அதற்கு மேலும், இரண்டாவது லட்சத்துக்கும் மேல், மூன்றாவது மற்றவற்றுக்கு. கழித்தல் குறியோடு வரும் தொகைகள் மூன்றாவது துண்டில் விழுவதால், லட்சத்தைத் தாண்டிய நஷ்டமோ பாக்கியோ இதில் சரியாக வராது. அந்த நெடுவரிசைக்கு விண்டோஸ் அமைப்பையே நம்புங்கள்.

சைஸ் வாரித் தாளில் இன்னொரு சிறு மாற்றம் பெரிய தெளிவு தரும். ஒரு கலரில் எக்ஸ்எல் சைஸ் ஆர்டரே இல்லை என்றால் அங்கே 0 வரும். தாள் முழுக்க சுழியங்கள் இறைந்து கிடந்தால் உண்மையான எண்கள் அவற்றுக்குள் மறைந்துபோகும். இப்படிக் கொடுத்தால் சுழியம் ஒரு சிறு கோடாகத் தெரியும்:

#,##0;-#,##0;"–"

கோடு என்றால் கணக்குப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. வெற்றிடம் என்றால் இன்னும் பதியவில்லை. இந்த வேறுபாடு கட்டிங் மாஸ்டருக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.

கூட்டிப் பார்க்கத் தேவையில்லாத எண்களை, அதாவது இ-வே பில் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை, பதியும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். இ-வே பில் எண் 12 இலக்கம். சாதாரணக் கட்டத்தில் தட்டினால் எக்செல் அதை அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். அது பார்வையளவில்தான் தவறு. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் தவறு உள்ளேயே நடக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும், பதினாறாவது இலக்கத்தைச் சுழியமாக்கிவிடும். பிறகு நீங்கள் டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது.

தேதியில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று தொந்தரவு தருகிறது. பில்லில் எழுதுவது போலவே 12.06.2025 என்று புள்ளி வைத்துத் தட்டுகிறோம். இந்திய அமைப்பில் உள்ள பெரும்பாலான கணினிகளில் அது தேதியாக ஏற்கப்படாது. எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும், ஷிப்மென்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கழித்துப் பார்க்க முடியாது. புள்ளிக்குப் பதில் சிறு கோடு போட்டுத் தட்டுங்கள். காட்டும்போது மாதத்தைப் பெயரால் காட்டும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். 05-06-2025 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க பையருக்கு மே 6. மாதப் பெயர் இருந்தால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

கோடுகளைப் பற்றி: பெரும்பாலானவற்றை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றிக் கருப்புக் கோடு போட்டால் கண் எண்ணைப் பார்ப்பதற்கு முன் கம்பி வலையைப் பார்க்கிறது. வியூ பகுதியில் கிரிட்லைன்ஸை அணைத்துவிட்டு, தலைப்புக்குக் கீழே ஒரு கோடு, மொத்தத்துக்கு மேலே ஒரு கோடு, வரிகளுக்கிடையே வேண்டுமானால் மிக மெல்லிய சாம்பல் கோடு, அவ்வளவுதான். வரியின் உயரம் இயல்பாக 15 புள்ளி (பாயின்ட்). அதை 20 ஆக்கி, எழுத்தை உயரத்தின் நடுவில் நிறுத்துங்கள். கோடு போடாமலே வரிகள் பிரிந்து தெரியும். வரப்போகும் ஆர்டர்களுக்கென்று ஆயிரம் வரிகளுக்கு முன்கூட்டியே கட்டம் கட்டி வைப்பதும் வேண்டாம். அச்சிடும்போது வெறும் கட்டங்கள் பக்கம் பக்கமாக வந்து விழும். பட்டியலுக்குள் நின்று கண்ட்ரோலும் T எழுத்தும் அழுத்தி டேபிளாக மாற்றிவிட்டால், புது வரி சேர்க்கச் சேர்க்க வடிவமும் ஃபார்முலாவும் தானாகவே கீழிறங்கும். வரி விட்டு வரி வெளிர் நிறமும் கிடைக்கும்.

இனி நீங்கள் கேட்ட வண்ணம். ஏழு வண்ணங்கள் வேண்டாம். ஒரு வண்ணம் ஒரு பொருளை மட்டுமே சொல்ல வேண்டும், தாள் முழுவதும் அதே பொருளைச் சொல்ல வேண்டும். தலைப்பு வரிக்கு ஒரு அமைதியான நிறம். கையால் தட்டிய எண்கள் நீல எழுத்தில், ஃபார்முலாவில் வந்தவை கருப்பு எழுத்தில். இது நிதித் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் வழக்கம், இதனால் எந்தக் கட்டத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று உங்கள் இடத்துக்கு வரும் அடுத்தவருக்கும் தெரியும். மூன்றாவதாக, எச்சரிக்கைக்கு ஒரே ஒரு நிறம். அதைப் பெயின்ட் டப்பாவால் கையால் பூசாதீர்கள். நேற்று சிவப்பு பூசிய ஆர்டர் இன்று பேக்கிங் முடிந்து போயிருக்கும்; சிவப்பு மட்டும் அங்கேயே நிற்கும், இரண்டு வாரத்தில் அந்தச் சிவப்பை யாரும் மதிக்க மாட்டார்கள். கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில், பாக்கி சுழியத்தைவிட அதிகமாகவும் ஷிப்மென்ட் தேதிக்கு ஏழு நாளுக்குள்ளாகவும் இருந்தால் என்று ஃபார்முலா விதி எழுதுங்கள். வரி முழுவதும் நிறம் மாற வேண்டுமென்றால் ஃபார்முலாவில் நெடுவரிசை எழுத்துக்கு முன் மட்டும் டாலர் குறி வர வேண்டும், வரி எண்ணுக்கு முன் வரக்கூடாது. பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இரண்டுக்கும் டாலர் போட்டால் எல்லா வரியும் முதல் வரியையே பார்த்து நிறம் மாறும்.

நிறத்தை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. ஆண்கள் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிறவியிலேயே பிரிந்து தெரிவதில்லை. அலுவலகக் கருப்பு வெள்ளை பிரிண்டரில் இரண்டுமே ஒரே சாம்பலாகத்தான் வரும். ஆகவே பக்கத்தில் நிலை என்று ஒரு நெடுவரிசை வைத்து, "அவசரம்", "சரி", "முடிந்தது" என்று ஃபார்முலாவே எழுதும்படி செய்யுங்கள். அந்தச் சொல்லை வைத்து ஃபில்டர் போடலாம், எண்ணலாம்; கட்டத்தின் நிறத்தைச் சாதாரண ஃபார்முலாவால் எண்ண முடியாது.

எழுத்துருவில் அதிகம் யோசிக்க வேண்டாம். தாள் முழுவதற்கும் ஒன்று போதும், தலைப்பு தடித்த எழுத்தில் இருந்தால் போதும். தமிழில் பெயர்கள் எழுதுவதாக இருந்தால் மட்டும் ஒன்று முக்கியம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விட்டுவிட்டு யூனிகோடில் எழுதுங்கள். பாமினியில் தட்டியது அந்த எழுத்துரு இல்லாத ஓனரின் மொபைலில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அகர வரிசையும் தேடலும் வேலை செய்யாது. விண்டோஸில் உள்ள நிர்மலா யுஐ திரையில் தெளிவாகப் படிக்க வருகிறது. "கு", "சூ" போன்ற எழுத்துகள் கீழே இறங்குவதால் வரி உயரம் குறைவாக இருந்தால் அடி வெட்டுப்படும். இருபது புள்ளி உயரம் இதற்கும் தேவை.

கடைசியாக, ஓனர் எதில் பார்க்கிறார் என்பது. திரையில் பார்ப்பதற்கு ஃப்ரீஸ் பேன்ஸ் அவசியம்: தலைப்பு வரிக்குக் கீழே, ஆர்டர் எண் நெடுவரிசைக்கு வலப்பக்கம் உள்ள கட்டத்தில் நின்று அதைக் கொடுத்தால், எவ்வளவு நகர்ந்தாலும் தலைப்பும் ஆர்டர் எண்ணும் நிலையாக நிற்கும். மூன்று நான்கு நெடுவரிசைகளை நிறுத்திவிட்டால் மொபைலில் அவையே திரையை அடைத்துக்கொள்ளும், ஒன்று போதும். அச்சுக்கு பேஜ் லேஅவுட்டில் அகலம் ஒரு பக்கம், உயரம் ஆட்டோமேட்டிக் என்று வைத்து, பிரிண்ட் டைட்டில்ஸில் தலைப்பு வரியைக் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரும். அப்படிச் சுருக்கியபின் அளவு அறுபது சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எழுத்து படிக்க வராது. நெடுவரிசைகள் இன்னும் அதிகம் என்று பொருள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் பார்வைத் தாளை மட்டும் பிரிண்ட் ஏரியாவாக்கி, ஏ4 நிமிர்ந்த பக்கத்தில் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அனுப்பும் முன் அதை உங்கள் மொபைலிலேயே திறந்து, பெரிதாக்காமல் பாக்கி நெடுவரிசையைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், எந்த நெடுவரிசையை எடுக்கலாம் என்று ஓனரிடமே கேட்டுவிடுங்கள்.